அலையும் துருவும்

கடற்கரையில் நின்று படம் எடுக்கும் ஒருவருடைய கையிலிருந்து காமிரா நழுவி நீரில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விநாடிக்குள் அதை எடுத்துவிடுகிறார், மேல்துண்டால் துடைக்கிறார், விசையை அழுத்திப் பார்க்கிறார். காமிரா வேலை செய்கிறது. தப்பித்தோம் என்று பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். மூன்று வாரம் கழிந்தபின் அது உயிரற்றுக் கிடக்கிறது. பழுது பார்ப்பவர் திறந்து காட்டினால், உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுகிறார். ‘துருப்பிடித்தலால் நேர்ந்த சேதத்துக்குப் பாலிசியில் இடம் இல்லை’ என்று பதில் வருகிறது. அவர் சொல்வது அலை. கம்பெனி சொல்வது துரு. இரண்டும் உண்மையே. அந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையில் கழிந்த மூன்று வாரங்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் கடல்நீரின் இயல்பைக் காண்போம். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்திருக்கின்றன. இதனால் அது மின்சாரத்தைக் குடிநீரைக் காட்டிலும் பல பத்து மடங்கு எளிதாகக் கடத்துகிறது. மின்கலம் பொருத்தியபடியே காமிரா நனையும்போது, மயிரிழை போன்ற செப்புப் பாதைகளுக்கு இடையே, மின்சாரம் போகக்கூடாத வழியெல்லாம் போகத் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் மின்பகுப்புச் சோதனை செய்து பார்த்த மாணவர்களுக்கு இது புதிதன்று. கண்ணாடிப் பாத்திரத்தில் நாம் வேண்டுமென்றே செய்வதைக் காமிராவுக்குள் கடல் தானே செய்கிறது. ஒரு முனையில் செம்பு கரைகிறது.

மின்கலத்தை எடுத்துவிட்டாலும் வேலை முழுவதும் நின்றுவிடாது. காமிராவின் உடல் பெரும்பாலும் மெக்னீசியக் கலவையாலோ அலுமினியத்தாலோ ஆனது. திருகாணிகள் எஃகு, இணைப்புக்களில் செம்பும் பொன்முலாமும் உண்டு. வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஒரு மின்கலம் ஆகிவிடுகிறது. அவற்றுள் மெக்னீசியந்தான் முதலில் பலியாகிறது. நீர் வற்றிய பிறகும் உப்பு வற்றுவதில்லை. மழைக்காலத்தில் சமையலறைக் கல்லுப்பு ஜாடியின் அடியில் நீர் கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிகிறது. ஆகையால், காய்ந்துவிட்டதாக நாம் நம்பும் காமிரா உள்ளே ஈரமாகவே இருக்கக்கூடும். அலமாரியில் இருந்தபடியே அது கடலில் நனைந்துகொண்டிருக்கிறது என்றாலும் தவறில்லை.

அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பது இக்காலத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. அரிசி ஓரளவு ஈரத்தை வாங்கலாம். உப்பை ஒரு துளியும் வாங்காது. மாறாக, அதன் தவிடும் தூளும் இடுக்குகளில் புகுந்துகொள்ளும். செய்யத்தக்கது வேறு. விசையை அழுத்திப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு உடனே மின்கலத்தைக் கழற்ற வேண்டும். படங்கள் பதிந்திருக்கும் அட்டையையும் எடுத்துவிட வேண்டும். லென்ஸைக் கழற்றி வைக்க வேண்டும். கடல்நீர் உள்ளே புகுந்தது உறுதியானால், உப்பு காய்ந்து படிவதற்குள் நன்னீரால் கழுவுவதே நல்லது என்பது பழுதுபார்ப்போர் பலர் சொல்லும் முறை. அதற்குப்பின் மின்கலம் பொருத்தாமல் அன்றைக்கே தேர்ந்த கைக்கு அனுப்ப வேண்டும். நனைந்த பொருளை மறுபடியும் நனைப்பதா என்று மனம் கூசும். நீரைக் காட்டிலும் உப்பே கொடிய பகை என்பதை உணர்ந்தால் அக்கூச்சம் போய்விடும்.

‘நீர் புகாதது’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அந்த முத்திரைக்கு அடிப்படையான சோதனைகள் நன்னீரில், அசையாத நிலையில் செய்யப்படுகின்றன. ஏழாம் எண் தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் என்பது பொருள். அலையின் அறைதல், மணல், உப்பு, நாளாவட்டத்தில் இறுகிப்போகும் ரப்பர் வளையம் இவையெல்லாம் அந்தச் சோதனையில் இடம் பெறுவதில்லை. உற்பத்தியாளர் தரும் உத்தரவாதப் பத்திரங்களிலும் திரவத்தால் நேரும் சேதம் பெரும்பாலும் விலக்கப்பட்டே இருக்கிறது. ஆகவே நஷ்டஈட்டுக்கு இன்ஷூரன்ஸையே நாட வேண்டியிருக்கிறது.

எந்த இன்ஷூரன்ஸ்? ‘கடல்’ என்ற சொல்லைக் கேட்டதும் கடல்சார் இன்ஷூரன்ஸ் என்று எண்ணிவிடக்கூடாது. 1963-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நமது கடல்சார் இன்ஷூரன்ஸ் சட்டம் கப்பலுக்கும் அதிலேறும் சரக்குக்கும் உரியது. கரையில் நிற்பவரின் கால்மாட்டில் வந்த அலைக்கு உரியதன்று. காமிராவைச் சரக்காகக் கப்பலில் அனுப்பினால்தான் அந்தத் துறைக்குள் வருகிறோம். அங்கேயும் மூன்று வகை நிபந்தனைகள் வழக்கில் இருக்கின்றன. ஏ, பி, சி என்று அவற்றுக்குப் பெயர். மலிவான ‘சி’ வகையில், கப்பல் மூழ்கினாலோ தீப்பிடித்தாலோ ஈடு உண்டு. சரக்கறைக்குள் கடல்நீர் புகுந்து நனைத்தது என்பது மட்டும் போதாது. ‘பி’ வகையில் அதற்கும் ஈடு உண்டு. ஓர் எழுத்தில் இருக்கிறது வேறுபாடு!

வீட்டுப் பாலிசியோ வேறொரு விந்தையைக் காட்டுகிறது. 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறைக்கு வந்தது. தீ, புயல், வெள்ளம், சுனாமி முதலிய ஆபத்துக்கள் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. புயலால் பொங்கிய கடல் வீட்டுக்குள் புகுந்து, அவ்வாறு காக்கப்பட்ட வீட்டுச் சாமான்களோடு காமிராவையும் நனைத்தால், அது அந்த ஆபத்துக்களுள் அடங்கும். அதே காமிரா, அதே உப்புநீர்; ஆனால் கடற்கரையில் கைதவறி விழுந்தது என்றால், அப்பட்டியலில் கைதவறுதல் என்ற ஆபத்தே இல்லை. வெளியே எடுத்துச் செல்லும் பொருளுக்குச் ‘சகல ஆபத்து’ப் பாலிசி என்று தனியாக ஒன்று வேண்டும்.

சகல ஆபத்து என்பதிலும் எல்லாம் அடங்கிவிடாது. தென் அமெரிக்காவின் படகோனியாவிலிருந்து அனுப்பிய கம்பளிப் பொதிகள் வழியில் நனைந்துபோன வழக்கு ஒன்று 1921-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் தீர்ப்பாயிற்று. எந்த இடத்தில் எந்த நீரால் நனைந்தது என்று சரக்குக்காரர் அணுவணுவாக நிரூபிக்க வேண்டியதில்லை. தற்செயலான ஏதோ ஒன்றால் நேர்ந்தது என்று காட்டினால் போதும் என்றார்கள். அதே மூச்சில், இயல்பாக நேர்ந்தே தீரவேண்டிய தேய்மானம் ஆபத்து ஆகாது என்றும் சொன்னார்கள். துருவை விலக்கும் வாசகம் இந்தப் பிந்திய கருத்திலிருந்து பிறந்ததுதான். ஆண்டுக்கணக்கில் கடற்காற்றுப் பட்டு அரித்துப்போனதற்கு யாரும் ஈடு கேட்க முடியாது. அது நியாயமே.

ஆனால் அலையால் வந்த துரு? இதற்கு விடைகாண 1915-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். இக்காரியா என்ற கப்பலைப் பிரான்ஸ் நாட்டின் கரைக்கு அருகே ஜெர்மானியர் டார்ப்பிடோவால் தாக்கினர். கப்பல் உடனே மூழ்கவில்லை. ஆவ்ர் துறைமுகத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அங்கே காற்று எழுந்தது. கப்பலை இடம் மாற்றிக் கட்டினார்கள். ஏற்றவற்றத்தில் தரைதட்டித் தரைதட்டி முடிவில் மூழ்கியது. பாலிசியில் கடல் ஆபத்துக்கு ஈடு உண்டு. பகைவர் செயலுக்கு இல்லை. கடைசியாக நடந்தது கடலின் செயல்தானே என்றார் கப்பல்காரர். 1918-இல் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. காலத்தால் கடைசியாக வந்தது காரணம் அன்று. வலிமையால் முதன்மையானதே காரணம். கப்பல் டார்ப்பிடோவின் பிடியிலிருந்து ஒருபோதும் விடுபடவில்லை என்று தீர்த்தது.

அந்த வழக்கில் வென்றது கம்பெனி. எனினும் நம் காமிராக்காரருக்கு அத்தீர்ப்பே நல்ல துணை. காமிராவுக்கு அலைதான் டார்ப்பிடோ. துரு என்பது துறைமுகத்தில் மூழ்கியது போன்ற பின்விளைவு. இவ்வாறு வாதாடலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இக்காரியாவைத் தாக்கியதை உலகமே அறியும். கடற்கரையில் விழுந்த காமிராவுக்கு யார் சாட்சி? மூன்று வாரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தவருக்குப் பாலிசியின் வாசகம் குறுக்கே நிற்பதைவிட, அவருடைய மௌனமே பெரிதாகக் குறுக்கே நிற்கிறது. அன்றைக்கே நான்கு வரி எழுதி அனுப்பியிருந்தால், அலைக்கும் துருவுக்கும் நடுவே ஒரு பாலம் எழுந்திருக்கும். நாள், நேரம், இடம், நடந்தது என்ன, செய்தது என்ன இவ்வளவே போதும். கழுவுவதற்கு முன்பு நனைந்த நிலையில் வேறு கருவியால் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. கழற்றிய பாகங்களை எறிந்துவிடக்கூடாது. இன்ஷூரன்ஸ் இல்லாத ஒருவர் தம் பொருளை எவ்வளவு கவலையோடு காப்பாற்ற முயல்வாரோ, அவ்வளவு முயற்சியை இன்ஷூரன்ஸ் உள்ளவரிடமும் கம்பெனி எதிர்பார்க்கிறது. எப்படியும் பணம் வரும் என்று உப்போடு கிடக்கவிடுவது அவருக்கு எதிராகவே முடியும்.

தொகையைப் பற்றியும் ஒரு சொல். பிரீமியத்தைக் குறைப்பதற்காக, 80,000 ரூபாய் பெறும் கருவிகளை 40,000 ரூபாய்க்கே இன்ஷூர் செய்வோர் உண்டு. 20,000 ரூபாய்க்குச் சேதம் நேர்ந்தால் முழுவதும் கிடைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. பாலிசியில் ‘சராசரி விதி’ இருந்தால் கிடைப்பது 10,000 ரூபாயே. பாதி மதிப்புக்குக் காப்புச் செய்தவர் மறுபாதிக்குத் தாமே பொறுப்பு என்பது அதன் கருத்து. கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞர், பொழுதுபோக்குக் காமிரா என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் இடராகும். தொழிலுக்குப் பயன்படுவதைத் தொழிலுக்கென்றே அறிவிக்க வேண்டும்.

பாலிசி ஈடு செய்வது கருவியை. எடுத்த படங்களை அன்று. 1915 நவம்பரில் தென்துருவப் பனிக்கடலில் நசுங்கிக் கொண்டிருந்த எண்டூரன்ஸ் கப்பலுக்குள் திரும்பிப் போன பிராங்க் ஹர்லி என்ற படப்பிடிப்பாளர் இதை நன்கு அறிந்தவர். இடுப்பளவு ஆடையைக் களைந்துவிட்டுப் பனிக்குழம்பு நீரில் மூழ்கித் தம் கண்ணாடித் தகடுகளை வெளியே எடுத்தார். இரட்டைத் தகர உறைக்குள் பற்றவைத்து மூடியிருந்தமையால் கடல்நீர் அவற்றை அண்டவில்லை. பாரம் தாங்காது என்று சுமார் 400 தகடுகளைப் பனியின் மேல் உடைத்துவிட்டு, 120 போல வைத்துக்கொண்டார். பெரிய காமிராக்களைக் கைவிட்டார். கையடக்கமான ஒன்றோடும் மூன்று சுருள் பிலிமோடும் மேலே நடந்தார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதில் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை.

இறுதியாக, கம்பெனி மறுத்துவிட்டால் என்ன செய்வது? சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதுவே முடிந்த முடிவு அன்று என்று 2009-இல் நமது உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்; எந்த வாசகத்தின்படி மறுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். முதலில் கம்பெனிக்கே முறையீடு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் விடை வராவிட்டாலும், வந்த விடை திருப்தி தராவிட்டாலும் இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் போகலாம். தனிநபர்களேயன்றித் தனியாகத் தொழில் நடத்துவோரும் அவரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை. சென்னையிலும் அந்த அலுவலகம் உண்டு. விண்ணப்பத்தோடு பாலிசியின் நகல், மறுப்புக் கடிதம், பழுது பார்த்தவரின் குறிப்பு ஆகியவற்றையும், கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே எழுதிய அந்த நான்கு வரிகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.