குரலும் பொறுப்பும்

 

கற்றவர் தம் சொல்லாற்றலை எதற்குப் பயன்படுத்த வேண்டும்? இவ்வினாவுக்கு விடைகாண, அமெரிக்க நாட்டு எட்வர்டு மர்ரோவின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

1908ஆம் ஆண்டு வட கரோலினாவில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர் மர்ரோ. மரம் வெட்டும் முகாம்களில் உழைத்துப் பொருளீட்டி, வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் பட்டம் பெற்றார். அங்கு அவருக்குப் பேச்சுக்கலை கற்பித்தவர் ஐடா லூ ஆண்டர்சன் என்னும் ஆசிரியை. இளம்பிள்ளை வாதத்தால் உடல் நலிந்த அப்பெருமாட்டியார், தம் மாணவர் இலண்டன் வானொலியில் பேசத் தொடங்கிய பின்னும் செவிமடுத்துத் திருத்தினார். தொடக்க வாசகத்தின் முதற்சொல்லுக்குப் பின் ஒரு கணம் நிறுத்துமாறு அறிவுறுத்தியவர் அவரே. அந்த இடைநிறுத்தமே பின்னர் மர்ரோவின் அடையாளமாயிற்று. ஆசிரியனாய் வாழ்ந்த எனக்கு இச்செய்தி நெஞ்சை நெகிழ்விப்பதாகும்.

பட்டம் பெற்றதும் அவர் பொருள் தேடி ஓடவில்லை. ஹிட்லரின் ஆட்சியில் பதவியிழந்த அறிஞர்களை அமெரிக்காவுக்கு வரவழைக்கும் தொண்டில் ஈடுபட்டார். 1935இல் சி.பி.எஸ். வானொலியில் சேர்ந்தார். 1940இல் இலண்டன் மீது குண்டுமழை பொழிந்தபோது, அந்நகரில் நின்றே கண்டதைக் கண்டவாறு உரைத்தார். 1954 மார்ச் 9 அன்று, நாட்டையே அச்சுறுத்திய செனட்டர் மெக்கார்த்தியின் போக்கை அவருடைய சொற்களைக் கொண்டே தொலைக்காட்சியில் வெளிப்படுத்தினார்.

1960 நவம்பரில், ஊர் ஊராகச் சென்று அறுவடை செய்யும் ஏழைத் தொழிலாளரின் துயரை விளக்கும் படத்தை ஒளிபரப்பினார். அடுத்த ஆண்டே குடியரசுத் தலைவர் கென்னடி அவரை அமெரிக்கத் தகவல் நிறுவனத்தின் தலைவராக்கினார். அரசின் குரலாக உலகெங்கும் பேசும் பொறுப்பு அது. அப்பதவியில் அமர்ந்த சில நாள்களில், அதே படத்தைப் பிரித்தானியாவில் காட்ட வேண்டாமென பி.பி.சி.யிடம் அவர் கேட்டுக்கொண்டார். நாட்டின் பெயர் கெடும் என்ற கவலையே காரணம். பி.பி.சி. இணங்கவில்லை, படம் ஒளிபரப்பாயிற்று.

அன்பர்களே, அவரை இகழ்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. கொடியவர்க்கு அஞ்சாத நெஞ்சும் பதவியின் முன் ஒரு கணம் தளரக்கூடும் என்பதை உணர்த்தவே சொல்கிறேன். பகைவரின் பொய்யை எதிர்ப்பதினும் நம் இல்லத்தின் குறையை ஒப்புக்கொள்வதே கடினம். அரசின் செய்தித் தொடர்பில் பணியாற்றுவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சோதனை இதுவே. ஆயினும், நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமெனில் உண்மையே பேச வேண்டும் என்பதைத் தம் நிறுவனத்துக்கு நெறியாக வகுத்தவரும் மர்ரோவே. ஒருமுறை வழுவியதனால் அந்நெறி பொய்யாகிவிடாது.

நோயுற்று 1964இல் பதவி துறந்த அவர், 1965 ஏப்ரல் 27 அன்று மறைந்தார். அவர் பயின்ற கல்வி நிலையத்தின் தகவல் தொடர்புக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இளைஞர்களே, நாளை உங்களுள் ஒருவர் ஓர் அலுவலகத்தின் சார்பில் அறிக்கை எழுதலாம். உண்மையை மறைக்குமாறு மேலிடம் பணிக்கலாம். உங்கள் மனமே அவ்வாறு தூண்டலாம். அப்போது எழுதுகோலை ஒரு கணம் நிறுத்துங்கள். அந்த ஆசிரியை கற்பித்த இடைநிறுத்தம் மேடைக்கு மட்டும் உரியதன்று, மனச்சான்றுக்கும் உரியது.