ஆபத்து யாருடைய கணக்கில்?

(கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு மேடையில் சாம்பியா நாட்டுச் செம்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில், சாம்பியாவில் 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் செம்பும் கோபால்ட்டும் தேடும் வாய்ப்பு இந்தியாவுக்குக் கிடைத்திருப்பதாகச் செய்தி வந்தது. பேட்டரிக்குக் கோபால்ட் வேண்டும், மின்கம்பிக்குச் செம்பு வேண்டும். நாடே பெருமைப்பட வேண்டிய செய்தியாகத்தான் அதைச் சொன்னார்கள். அந்தப் பெருமையில் பங்கு கேட்கும் முன் அந்த மண்ணின் கதையைக் கேட்போம்.

பிரிட்டிஷ் ஆட்சியில் அந்நாட்டுக்கு வட ரொடீசியா என்று பெயர். சுரங்கங்களில் திறன் வேலைகள் வெள்ளையருக்கு மட்டுமே. கறுப்பினத் தொழிலாளி எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்த வேலைக்கு வர முடியாது. இதற்குக் 'கலர் பார்' என்று பெயர். பம்பாய் ஆலைகளில் தீண்டப்படாத தொழிலாளர்களை நெசவுப் பிரிவுக்குள் விடாததை 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் கேள்வியாக எழுப்பினார். அதே ஏற்பாடுதான் இதுவும். 1935-இல் வரி உயர்வை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். லுவான்ஷியாவில் காவல்துறை சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள்.

1964-இல் விடுதலை கிடைத்தது. சுரங்கங்கள் அரசின் கைக்கு வந்தன. பிறகு செம்பு விலை சரிந்தது, கடன் ஏறியது, சுரங்கங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. 2004-இல் கொங்கோலா செம்புச் சுரங்க நிறுவனத்தின் 51 விழுக்காட்டை வாங்கியது வேதாந்தா. ஆம், நம் தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் அதே வேதாந்தாதான்.

2006-இல் அந்தச் சுரங்கக் கழிவு காஃபூவே ஆற்றில் கலந்தது. சுமார் 2,000 பேர் வழக்குத் தொடுத்தார்கள். 2011-இல் உயர்நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2015-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் நிறுவனத்தின் பொறுப்பை உறுதி செய்தாலும், மருத்துவச் சான்று காட்டிய 12 பேருக்கு மட்டுமே இழப்பீடு என்றது. ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவர் எத்தனை பேரிடம் மருத்துவச் சான்று இருக்கும்?

சிங்கோலா பகுதிக் கிராமத்தினர் 1,826 பேர் லண்டனுக்குப் போனார்கள். சாம்பியாவில் இந்த ஏழை மக்களுக்கு நீதி எட்டாது, வழக்கை இங்கேயே நடத்தலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் வழக்கு சமரசமாக முடிந்தது. நிறுவனம் குற்றத்தை ஏற்கவில்லை.

இந்தியக் கம்பெனியின் இடத்தில் வேறு நாட்டுக் கம்பெனி இருந்தால் நிலைமை மாறுமா? இந்தியாவுக்கு அனுமதி கிடைத்த அதே 2025 பிப்ரவரியில், ஒரு சீன நிறுவனத்தின் கழிவு அணை உடைந்து அமிலக் கழிவு இதே காஃபூவே ஆற்றில் கலந்தது. கிட்வே நகரத்துக்கே குடிநீர் நின்றது. இன்னொரு பக்கம் அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்குச் செம்பு கொண்டுபோகும் ரயில் பாதைக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் பணம் போடுகின்றன. தான்சானியா துறைமுகத்துக்குப் போகும் பழைய பாதையைச் சீனா புதுப்பிக்கிறது. எல்லாப் பாதையும் சுரங்கத்திலிருந்து வெளியே போகிறது.

இப்படிப்பட்ட நாடுகளை முதலீட்டு உலகம் 'ஃபிரண்டியர் மார்க்கெட்' என்கிறது, அதாவது எல்லைப்புறச் சந்தை. யாருக்கு எல்லைப்புறம்? ஊர்க்காரர் வாயில்தான் சேரி 'ஊருக்கு வெளியே' இருக்கிறது. சேரியில் பிறந்தவருக்கு அதுதான் ஊர்.

அந்தச் சந்தையில் லாபமும் அதிகம், ரிஸ்க்கும் அதிகம் என்பார்கள். கடன் திரும்புமா, நாணயம் சரியுமா, ஆட்சி மாறுமா, வரி கூடுமா என்பவைதான் அவர்களுடைய ரிஸ்க் பட்டியல். அந்த ரிஸ்க்குக்குக் கூடுதல் வட்டி கிடைக்கும். ஆற்றங்கரையில் மக்காச்சோளம் விதைத்தவர் சுமக்கும் ஆபத்துக்கு எந்த வட்டியும் இல்லை. அது கணக்கிலேயே ஏறுவதில்லை. மலக்குழிக்குள் இறங்குபவரின் உயிர் எந்த ஒப்பந்தக்காரரின் கணக்கில் ஏறியிருக்கிறது? லாபம் மேலே போவதும் கழிவு கீழே வருவதும் நமக்குப் புதிதல்ல.

சாம்பியாவுக்கு முதலீடே வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? செம்பு உற்பத்தியைப் பெருக்க அந்த அரசே விரும்புகிறது, அந்த மக்களுக்கு வேலை வேண்டும். ஆனால் நம் வரிப்பணத்தில் நம் அரசு அங்கே போகும்போது கேட்க நமக்கு உரிமை உண்டு. இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, தோண்டும் முன் அங்குள்ள கிராமங்களின் ஒப்புதல் வேண்டும். 2013-இல் உச்சநீதிமன்ற ஆணைப்படி நியம்கிரி மலையின் 12 கிராம சபைகள் கூடி, பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. அங்கே ஆதிவாசிகளுக்குக் கிடைத்த அந்த உரிமையை சாம்பியக் கிராமத்துக்கும் இந்திய அரசு மதிக்க வேண்டும்.

இரண்டு, பாதிப்பு நேர்ந்தால் இந்திய நீதிமன்றத்தின் கதவு அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். லண்டனில் கிடைத்த வாய்ப்பு டெல்லியிலும் சென்னையிலும் கிடைக்கச் சட்டம் வேண்டும்.

தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்காக நாம் தெருவில் நின்றோம். காஃபூவே ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்காகவும் நிற்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. ஏனென்றால் இந்த முறை அங்கே போவது நம் நாட்டின் பெயர்.