மீளுமா இயற்கை?



2020 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வட இந்தியாவில் வாழும் நாம் ஓர் அரிய காட்சியைக் கண்டோம். கொள்ளைநோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு நிலவிய காலம் அது. மோட்டார் வண்டிகள் ஓடவில்லை. ஆலைகள் பல மூடிக் கிடந்தன. சில நாட்களுக்குள் டில்லியின் வானம் நீலமாயிற்று. பஞ்சாபிலுள்ள ஜலந்தர் நகரத்து மக்கள் தத்தம் மாடிகளில் நின்றபடியே தௌலாதார் மலைத்தொடரின் பனிமுடிகளைக் கண்டு வியந்தனர். இயற்கை இவ்வளவு விரைவில் மீளுமாயின் கவலைப்பட என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் எண்ணினோம். ஆயினும் அதே ஆண்டில் வாயுமண்டலத்திலுள்ள கரியமில வாயுவின் அளவு குறையவில்லை. முந்திய ஆண்டைவிட உயர்ந்தே இருந்தது.

இம்முரண்பாட்டின் காரணத்தை அறிந்துகொண்டால், சுற்றுப்புறக் கேட்டை இனியும் மாற்ற முடியுமா என்னும் வினாவுக்கு விடை கிடைக்கும். மொழிபெயர்ப்பை அன்றாடத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இவ்வினாவிலுள்ள ‘மாற்றுதல்’ என்ற ஒரு சொல் போதுமானதாகத் தோன்றவில்லை. மீளக்கூடியது, நிறுத்தக்கூடியது, இழந்தே போனது என மூவகையாகப் பிரித்துக் கூறுவதே பொருந்தும்.

முதலாவது, மீளக்கூடியது. புகையும் தூசியும் காற்றில் தங்குவது சில நாட்களே. புதிதாகச் சேராவிடில் மழையும் காற்றும் அவற்றை அகற்றிவிடும். நீர்நிலைகளும் இவ்வகையினவே. இராஜஸ்தானத்து அல்வர் மாவட்டத்தில் அர்வரி என்ற ஆறு பல்லாண்டுகளாக மழைக்காலம் நீங்கலாக வறண்டு கிடந்தது. 1985 முதல் இராஜேந்திர சிங் என்பவரும் அவருடைய தோழர்களும் கிராம மக்களுடன் சேர்ந்து ‘ஜோகட்’ எனப்படும் பிறைவடிவ மண்கரைகளை எழுப்பி மழைநீரைத் தேக்கினர். ஏரிக்கரையை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று. தேங்கிய நீர் நிலத்தில் இறங்கிற்று, கிணறுகள் ஊறின, 1990களின் நடுவில் ஆறு மீண்டும் ஓடலாயிற்று.

உலகளவிலும் இதற்குச் சான்று உண்டு. தென்துருவத்தின் மேல் ஓசோன் படலம் மெலிந்துவருவதை 1985 இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட இரசாயனங்களே காரணம் என்று தெளிந்து, 1987 இல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் உடன்படிக்கை செய்தன. அது தொடர்ந்து கடைப்பிடிக்கப்பட்டால் தென்துருவப் படலம் 2066 ஆம் ஆண்டளவில் 1980 இன் நிலையை அடையும் என்பது ஐக்கிய நாடுகள் சபை நிபுணர்களின் மதிப்பீடு.

இரண்டாவது, நிறுத்தக்கூடியது. பூமியின் வெப்பம் இவ்வகையைச் சேர்ந்தது. புகை அன்றாடம் பெருக்கித் தள்ளும் குப்பை போன்றது. கரியமில வாயுவோ முதலோடு நிற்கும் கடன் போன்றது. புதிய கடன் வாங்காமலிருப்பதால் பழைய கடன் தீர்ந்துவிடாது. இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் வாயுமண்டலத்தில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த இவ்வாயு இன்று 420 பங்குக்கு மேல் உள்ளது. இதில் கணிசமான பகுதி பல நூற்றாண்டுகள் தங்கும். நாம் வெளிவிடுவதும் நம் முயற்சியால் அகற்றப்படுவதும் சமமாகிவிட்டால் வெப்பம் மேலும் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் விரைவில் தணியாது. கடல்மட்டமும் நெடுங்காலம் உயர்ந்துகொண்டே இருக்கும். இந்தியா இச்சமநிலைக்கு 2070 ஆம் ஆண்டைக் குறித்துள்ளது.

மூன்றாவது, இழந்தே போனது. நம் நாட்டுச் சிவிங்கிப்புலி அற்றுப்போயிற்றென 1952 இல் அறிவிக்கப்பட்டது. 2022 இல் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டிற்குக் கொணரப்பட்டவை ஆப்பிரிக்கச் சிவிங்கிகளே. இங்கே முன்பு திரிந்த கிளையினம் அவற்றுடன் திரும்பவில்லை.

ஆகவே, ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பதும் பிழை. ‘எல்லாம் போயிற்று’ என்பதும் பிழை. இரண்டாவது பிழை நம்மவரிடையே மிகுதி. கோடை விடுமுறைக்கு ஊர் செல்கிறோம். சிறு வயதில் நீந்திய குளத்தைக் காணாமல் பெருமூச்சு விட்டு இரயிலேறுகிறோம். இங்கேயோ, ‘பிழைக்க வந்த இடம், நமக்கென்ன?’ என்றிருக்கிறோம். டில்லியிலும் அரியானாவிலும் கிராமந்தோறும் இருந்த ஜோகட்டுகள் பல தூர்ந்து, அவற்றின்மேல் கட்டடங்கள் எழுந்துவிட்டன. நம்முள் சிலர் குடியிருக்கும் வீடும் அத்தகைய நிலத்தில் நிற்பதாயிருக்கலாம்.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 இல் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பயனை நேரில் கண்டவர் நம்மில் பலர். ஆயினும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், இந்தி தடுமாறும் என்றஞ்சிப் பின்வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, மாடியில் விழும் மழை எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்போம். இலக்கணம் பிழைத்தாலும் பாதகமில்லை, கேள்வி பிழையன்று.