நெஞ்சுவலி என்றால் பேசிக்கொண்டா இருப்பீர்கள்?

(பட்டிமன்றத் தலைப்பு: மனம் கலங்கியவரைக் காப்பாற்றுவது பெரிதும் உறவினரின் அன்பா? மருத்துவரின் சிகிச்சையா? ‘மருத்துவரின் சிகிச்சையே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

மாண்புமிகு நடுவர் அவர்களே, எனக்கு முன்னாலே அன்பு மழை பொழிந்துவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, பெரியோர்களே, அடுப்பிலே குழம்பு இருப்பதையும் மறந்து தொலைக்காட்சியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே! (சிரிப்பு)

என்னை அழைக்கும்போது நடுவர் ‘டாக்டர்’ என்று அழைத்தார். நன்றி ஐயா. ஆனால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த டாக்டர் ஊசி போட மாட்டான். ஊசிக்குப் பதிலாக உரை போடுவான். (சிரிப்பு) இந்த டாக்டராலே ஒரு உயிர் போயிருக்க வேண்டியது. எப்படிப் பிழைத்தது என்பதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

எனக்குக் கடலூர் செம்மண்டலத்திலே வீடு. தங்கையைக் கொடுத்திருப்பது சிதம்பரத்திலே. சில வருஷங்களுக்கு முன்னாலே ஒரு நாள், ராத்திரி ஒன்பது மணிக்குத் தங்கை போன் பண்ணினாள். “அண்ணே, பிள்ளை மூணு நாளா கண்ணே மூடல. சோறு வேண்டாங்கிறான். ஜன்னலையெல்லாம் சாத்திட்டு, யாரோ நம்மளப் பத்திப் பேசறாங்கன்னு சொல்றான். நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்னு கேக்கறான். எனக்குப் பயமா இருக்கு. நீதான் டாக்டராச்சே, வந்து பாரேன்” என்றாள்.

நானும் என் மனைவியும் காரைப் பிடித்துக்கொண்டு போனோம். போனால், எங்களுக்கு முன்னாலேயே ஒரு பட்டிமன்றம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது! (சிரிப்பு) ஒரு பெரியப்பா, “காத்து கருப்பு அடிச்சிருக்கு, மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க” என்கிறார். ஒரு அத்தை, “ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்” என்கிறாள். நம்ம ஊரிலே எந்த வியாதிக்கும் கல்யாணம்தான் கைமருந்து! வரப்போகிற பெண்ணைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. (சிரிப்பு, கைதட்டல்)

நான் தாய்மாமன் இல்லையா? “எல்லாரும் வெளியே போங்க, நான் பேசறேன்” என்று சொல்லி மருமகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசினேன். சங்க இலக்கியத்தில் ஆரம்பித்துப் பாரதி வரைக்கும் வந்தேன். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, பெற்ற தாயின் கண்ணீர், எதையும் விடவில்லை. இந்த மேடையிலே எட்டு நிமிஷம் ஆனால் நடுவர் மணி அடிப்பார். அங்கே மணி அடிக்க ஆளில்லை. இரண்டு மணி நேரம் பேசினேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியிலே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “மாமா, நீங்க பேசறது எனக்குக் கேக்குது. ஆனா வெளியில அவங்க பேசறது அதவிடச் சத்தமாக் கேக்குதே மாமா.”

வெளியிலே யாருமே இல்லை. தெரு தூங்கிக்கொண்டிருக்கிறது.

அப்போது என் மனைவி உள்ளே வந்தாள். அவள் எந்த மேடையிலும் ஏறியதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “ஏங்க, இதே பிள்ளை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்திருந்தா இப்படி உக்காந்து பேசிக்கிட்டா இருப்பீங்க? எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.” (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, என் அணியின் வாதம் மொத்தமும் அந்த ஒரு கேள்விதான். நெஞ்சுவலிக்கு நாம் நேரம் பார்ப்பதில்லை, ராகுகாலம் பார்ப்பதில்லை. மனசு உடைந்தால் மட்டும் ஏன் விடியட்டும் என்கிறோம்? வெள்ளிக்கிழமை போகட்டும், பரீட்சை முடியட்டும் என்கிறோம்?

எதிரணி அம்மையார் சொன்னார்கள், “நாலு பேருக்குத் தெரிஞ்சா குடும்ப மானம் கப்பலேறிடுமே” என்று. அம்மா, நான் கடலூர்க்காரன். முதுநகர்த் துறைமுகத்தைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அங்கே சரக்கு ஏறிப் பார்த்திருக்கிறேன். எவனுடைய மானமும் ஏறி நான் பார்த்ததில்லை. (சிரிப்பு, கைதட்டல்) அப்படியே ஏறினாலும் ஏறட்டும். போன மானம் அடுத்த கப்பலிலே திரும்பி வரும். போன பிள்ளை வருவானா?

அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? கீழ்ப்பாக்கத்திலே ஒரு மருத்துவமனை இருக்கிறது. அதன் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. இருநூறு வருஷத்துக்கும் மேலாக மனநோய்க்கு மருத்துவம் பார்க்கிற இடம். அதற்கு நாம் என்ன மரியாதை செய்தோம்? கொஞ்சம் மாற்றிப் பேசினால், “நீ என்ன கீழ்ப்பாக்கமா?” என்று ஊர்ப் பெயரையே வசவாக்கிவிட்டோம். சினிமாவிலும் சிரித்தோம். மற்ற ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால் ஆரத்தி எடுக்கிறோம், அங்கிருந்து திரும்பினால் அடுத்த வீட்டுக்காரன் கதவைச் சாத்துகிறான். அப்புறம் எவன் ஐயா தைரியமாக ஆஸ்பத்திரிக்குப் போவான்?

இன்னொரு நண்பர் கேட்டார், “ஆஸ்பத்திரியிலே கட்டிப் போட்டுவிடுவார்களே, அன்பான குடும்பம் அதைத் தாங்குமா?” என்று. நண்பரே, சங்கிலியைப் பற்றிப் பேசலாம். 2001-ஆம் வருஷம் ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடிகாலையிலே ஒரு காப்பகத்திலே தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியாலே கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். அது மருத்துவமனை இல்லை ஐயா. உரிமம்கூட இல்லாத விடுதி. அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் எத்தனையோ பேர் பெற்ற தாய், கூடப்பிறந்த அண்ணன். அன்பு இல்லாமலா கொண்டுபோய் விட்டார்கள்? அன்பு இருந்தது. எங்கே போவது என்ற வழிதான் தெரியவில்லை. (அமைதி)

கும்பிடுகிற சாமியைக் குறை சொல்லவில்லை. தர்காவுக்குப் போங்கள், கோயிலுக்குப் போங்கள். மனசுக்கு ஆறுதல் கிடைக்கும். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

அந்தச் சாம்பலுக்குப் பிறகு நாடு விழித்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது அந்தச் சட்டம். மயக்க மருந்து கொடுக்காமல் மின் அதிர்ச்சி சிகிச்சை தரக்கூடாது என்கிறது. உடம்புக்கு வந்த வியாதிக்கு ஆம்புலன்ஸும் அவசர சிகிச்சையும் எப்படியோ, மனசுக்கு வந்த வியாதிக்கும் அப்படியே தர வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால், மனநல மருத்துவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற எந்த மருத்துவரும், நோயாளியின் சார்பாளர் உடனிருந்தால் அவர் சம்மதத்தோடு, 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். “போலீஸ் கேஸாயிடுமே” என்று பயப்படுகிறோமே, உயிரை விடத் துணிந்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

சட்டம் ஏட்டிலே இருக்கிறது. ராத்திரியிலே என்ன நடக்கிறது? மறைக்காமல் சொல்கிறேன். நாங்கள் முதலில் போன இடத்திலே, எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், மேஜையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அடி பட்டிருக்கா? காய்ச்சலா? எதுவும் இல்லேன்னா காலையில ஒன்பது மணிக்கு ஓ.பி. சீட்டு போடுங்க” என்றார். என் தங்கை முந்தானையை வாயிலே பொத்திக்கொண்டு, “வீட்டுக்கே போயிடலாம்ணே” என்றாள். நானும் திரும்பினேன். என் மனைவி திரும்பவில்லை. “இந்தக் கதவு இல்லேன்னா இன்னொரு கதவு” என்றாள்.

இன்னொரு கதவைத் தட்டினோம். திறந்தது. ஒரு சின்னப் பெண், டாக்டர், என் மாணவி வயசுதான் இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். “தம்பி, எத்தனை நாளா தூங்கலை?” என்று கேட்டார். அப்புறம் நேராகவே, “உயிரை விட்டுடணும்னு தோணுதா?” என்று கேட்டார். எனக்குப் பகீரென்றது. இல்லாத எண்ணத்தை இந்தப் பெண் கிளப்பிவிடுகிறதே என்று நினைத்தேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? “ஆமாம்” என்று சொல்லி ‘ஓ’வென்று அழுதான். மூன்று நாளாக அவன் இறக்கி வைக்க இடம் தேடிய பாரம் அது. அப்படி வெளிப்படையாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் வெளியே வரும் என்று பிறகு அந்த டாக்டர் எனக்குப் பாடம் எடுத்தார். இரண்டு மணி நேரம் பேசிய நான், அந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை!

சர்க்கரை பார்த்தார்கள், ரத்தத்திலே உப்புச் சத்து பார்த்தார்கள், காய்ச்சல் பார்த்தார்கள். உடம்பிலே இருக்கிற கோளாறுகூட மூளையைக் குழப்பலாமாம். ஒரு ஊசி போட்டார்கள். மூன்று நாள் தூங்காத பிள்ளை தூங்கினான். என் தங்கை அவன் கால்மாட்டிலே உட்கார்ந்து அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தாய்மார்களே, வீட்டிலே இப்படி ஒரு ராத்திரி வந்தால் நாலு காரியம் செய்யுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்துங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரை, பழைய சீட்டு எதுவாக இருந்தாலும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். 108-க்குப் போன் பண்ணுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அவ்வளவு முற்றவில்லை, மனசுதான் கனக்கிறது என்றால் 14416 என்ற எண் இருக்கிறது. ‘டெலி மானஸ்’ என்று பெயர். 2022 அக்டோபரிலே ஆரம்பித்தது. ராத்திரி பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

2004 டிசம்பர் 26-ஐ இந்தக் கடலூர் மண் மறக்குமா? தேவனாம்பட்டினத்திலே அலை வந்து போன பிறகு, அடிபட்டவர்களை ஆளுக்கொருவராகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். யாராவது விடியட்டும் என்றோமா? மனசுக்குள்ளேயும் சுனாமி வரும் ஐயா. அன்றைக்கு ஓடிய அதே ஓட்டம்தான் ஓட வேண்டும்.

என் மருமகன் இன்றைக்கு வேலைக்குப் போகிறான். ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறான். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டேன். “தாராளமாச் சொல்லுங்க மாமா, பேரை மட்டும் விட்டுடுங்க. இன்னொன்னு, ரெண்டு மணி நேரம் சொல்லாதீங்க” என்றான். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நிறைவாக ஒன்று. திருவள்ளுவர் ‘மருந்து’ என்ற அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்துக்கு நாலு பேர் வேண்டும் என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நாலாவதாகப் பக்கத்தில் இருந்து கவனிக்கிறவர். எதிரணி நண்பர்களே, நீங்கள் பேசிய அன்பு அந்த நாலாவது ஆள். அவர் இல்லாமல் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலாவது ஆள் மட்டும் தனியாக நின்றால் என்ன ஆகும் என்பதை நான் சிதம்பரத்திலே ஒரு ராத்திரி பார்த்துவிட்டேன். அன்பின் வேலை மருத்துவமனைக் கதவைத் தட்டுவது. ஒரு கதவு திறக்காவிட்டால் அடுத்த கதவைத் தட்டுவது. திறந்த பிறகு கால்மாட்டிலே உட்கார்ந்திருப்பது.

இதோ நடுவர் கை மணிக்குப் போகிறது. அன்றைக்கு என் மனைவி அடித்த மணி போதும் ஐயா, நானே முடித்துக்கொள்கிறேன். மனம் கலங்கியவரைக் காப்பாற்றுவது பெரிதும் மருத்துவரின் சிகிச்சையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு வேண்டி விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)