கார் சூடேறினால் கையைக் கட்டி நில்லுங்கள்

(எமது சங்கத்தின் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. ஏ.எல். படிப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவந்து, இங்கே பக்டரியில் வேலை செய்பவன். இந்த மேடையில் நின்று கார் பற்றிப் பேச எனக்குள்ள ஒரே தகுதி என் வலது கையில் இருக்கும் தழும்புதான்.

ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஹயர் கார் ஓடியவர். 1990களில் பொருளாதாரத் தடை; பெற்றோல் கிடையாது. பழைய ஏ-40, மொறிஸ் மைனர் கார்களைக் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின காலம். கார் கொதித்தால் மாமா மரநிழலில் நிற்பாட்டுவார். பொனற்றைத் திறந்துவிட்டு ஆறுதலாக ஒரு சுருட்டுப் பத்துவார். பிறகுதான் நனைத்த சாக்கை மூடிமேல் போட்டு, மெல்லத் திருகி, காற்றுப் போகவிட்டுத் தண்ணி ஊற்றுவார். சின்னப் பிள்ளையாய்ப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத் தண்ணி ஊற்றினது ஞாபகம் இருந்தது. அந்தச் சுருட்டு நேரம் ஞாபகத்தில் நிற்கவில்லை.

இங்கே ஒரு யூலை மாதம், வெள்ளிக்கிழமை பின்னேரம். டெக்காரி ஹைவேயின் பள்ளத்துக்குள் வாகனங்கள் அசையவில்லை. மனைவியும் பிள்ளையும் பின்சீற்றில். முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரமாக நிறுத்தினேன், இறங்கினேன், உடனே மூடியைத் திருகினேன்.

ஏன் அடித்தது தெரியுமோ? இன்றைய கார்களில் தண்ணியைச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அளவு அமுக்கத்தில் மூடி பிடித்து வைத்திருக்கிறது. அதனால் 100 பாகை தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த அந்தக் கணமே ஒரு பங்கு ஆவியாகி, கொதிதண்ணியையும் தள்ளிக்கொண்டு மேலே பாயும். மூன்று கிழமை வேலை இல்லை, சம்பளமும் இல்லை. வாடகைக்குக் கடன் வாங்கினோம். பிள்ளை இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் நெஞ்சு பதறும்.

பிறகு ஒரு கராஜில் றேடியேற்றர் மாற்றவேணும் என்று பெரிய தொகை சொன்னார்கள். என்னோடு வேலை செய்யும் ஹெய்ற்றி நாட்டு நண்பர் ஒருவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: “ஓடேக்கை சூடேறுதோ, நிக்கேக்கை சூடேறுதோ?” நிற்கும்போது என்றேன். “அப்ப முதல் ஃபானைப் பார்” என்றார். ஃபானுக்குரிய சின்ன றிலே பழுது. 30 டொலருக்கும் குறைவாக முடிந்தது.

அந்தக் கேள்வியைத்தான் உங்களுக்கும் தரவந்தேன். ட்ரபிக்கில் மட்டும் சூடேறினால் ஃபான், அதன் பியூஸ், றிலே பாருங்கள். எஞ்சின் நின்றபிறகும் ஃபான் திடீரெனச் சுழலும், விரல் கவனம். ஹைவேயில் வேகமாக ஓடும்போது ஏறினால் றேடியேற்றர் அடைப்பாகவோ கூலன்ற் குறைவாகவோ இருக்கலாம். முள் மேலே நிற்க, ஹீற்றரில் குளிர்காற்று வந்தால் கூலன்ற் இறங்கிவிட்டது, அல்லது வோட்டர் பம்ப் தள்ளவில்லை. எஞ்சின் கொதித்தும் றேடியேற்றர் ஆறிக் கிடந்தால் பெரும்பாலும் தேர்மோஸ்ராற் திறக்கவில்லை. இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை வந்து, எஞ்சின் ஒயிலும் பால்தேத்தண்ணி மாதிரி இருந்தால் ஹெட் காஸ்கற். அந்தக் காரை ஓட்டவேண்டாம்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிற்பாட்டி, ஹீற்றரை முழுச்சூட்டில் போடுங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுக்கும். பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி எஞ்சினை நிறுத்துங்கள். முழுதாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். சூடான எஞ்சினில் பச்சைத்தண்ணி ஊற்றினால் வெடிப்பும் விழலாம்.

இன்னுமொன்று. நான் கோடை முழுக்க வெறும் தண்ணி ஊற்றியே ஓடினவன். பனிக்காலத்துக்கு முதல் அந்த நண்பர் சோதித்துப் பார்த்துத் தலையில் கைவைத்தார். தண்ணி உறைந்தால் ஏறக்குறைய 9 வீதம் பருக்கும், இரும்பையே பிளக்கும். கூலன்ற் பாதி, தண்ணி பாதி கலந்தால் சுமார் சைபருக்குக் கீழே 37 பாகை வரை உறையாது. சோதிக்கும் கருவி சில டொலர்தான். ஊரில் தண்ணி உறையாது. மொன்றியலில் அது காருக்கு நஞ்சு. கூலன்றோ பிள்ளைகளுக்கு நஞ்சு. இனிப்பாக இருக்கும், எட்டாத இடத்தில் வையுங்கள்.

புத்தாண்டுக்குப் பெரியவர்கள் கைவிசேடம் தருவது எங்கள் வழக்கம். கோடை வருகிறது, எல்லோரும் ரொறன்ரோவுக்குக் கலியாணம், சாமத்தியம் என்று ஓடப்போகிறோம். இந்தக் கிழமை காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, பொனற்றை ஒருமுறை திறந்து கூலன்ற் அளவைப் பாருங்கள். அதுதான் உங்கள் காருக்குக் கைவிசேடம். நடுவழியில் கொதித்தால் மாமாவின் சுருட்டை நினையுங்கள். பத்தச் சொல்லவில்லை, பொறுக்கச் சொல்லுகிறேன்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.