கழுத்துச் சுரப்பியும் கறியுப்பும்

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவியவாறு, வண்ணத்துப்பூச்சி வடிவிலே அமைந்திருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. உடல் என்னும் அடுப்பு எவ்வளவு எரியவேண்டும் என்பதை இதன் ஓமோனே விதிக்கின்றது. அந்த ஓமோனை ஆக்க அயடீன் வேண்டும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம். 70 ஆண்டுக்கும் சேர்த்து 4 கிராமை எட்டாது!

இச்சிறு அளவும் கிட்டாதபோது, கிடைக்கும் அயடீனையெல்லாம் பற்றிக்கொள்ள முயன்று சுரப்பி பருத்துவிடுகின்றது. அதுவே கழலை. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்திலே இது நெடுங்காலம் பரவியிருந்தது. மண்ணிலுள்ள அயடீனை மழை கழுவிச் செல்வதை அதற்கொரு காரணமாகக் கூறுவர். 1995 இல் உணவுப்பிற்கு அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று.

கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரிவது. ஆகவே மக்கள் அதற்கே அஞ்சினர். அஞ்சவேண்டியது வேறொன்று. கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைரொயிட்டு ஓமோன் இன்றியமையாதது. கருவிலே நேர்ந்த குறையைப் பின்னர் முற்றாக ஈடுசெய்தல் அரிது. கருவுற்ற பெண் ஓயாத களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் என்று சொன்னால், "பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் வழக்கந்தானே" என்று தள்ளிவிடாது, வைத்தியரிடம் காட்டி இரத்தத்தைச் சோதிப்பித்தல் வேண்டும். சுரப்புக் குறைவு காணப்பட்டால் அதற்குத் தைரொட்சின் மாத்திரை உண்டு.

வீட்டிலே, உப்பைத் திறந்தோ ஈரம்படவோ வைத்தால் அயடீன் குறைந்துபோகும். மூடிய பாத்திரத்தில் வைத்து, கறியை இறக்கும் தறுவாயிற் சேர்த்தால் நன்று. அயடீனுக்காக உப்பைக் கூட்டுவது மட்டும் வேண்டாம்; அது இரத்த அழுத்தத்தை வரவழைக்கும்.