மடியில் ஒரு பிள்ளை, அடுத்த பிள்ளைக்கு எதிர்பார்ப்பு

(இராஜபாளையத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்பங்களும் கலந்துகொண்டன.)



இன்றைய விஷயம் கொஞ்சம் கூச்சமானது. மார்க்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அன்சாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். அந்தத் துணிவில் பேசுகிறேன்.

நம் அலுவலகத்துக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் ஒரு வகை உண்டு. முதல் குழந்தைக்கு மூன்று வயது. அடுத்தது தரிக்கவில்லை, மதுரைக்குச் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பார்கள். எத்தனை நாளாக எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "ரெண்டு வருஷமா" என்று பதில் வரும். கணவர் எங்கே? சவூதியில். இந்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை வந்தார்? இரண்டு முறை, ஒரு தடவை 40 நாள், ஒரு தடவை 60 நாள். அப்படியானால் இது இரண்டு வருடக் கணக்கு இல்லை, 100 நாள் கணக்கு.

ஒரு மாதவிலக்குச் சுற்றில் கரு தங்கக்கூடிய நாட்கள் ஏறத்தாழ ஆறுதான். கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெளிவருகிறது. வந்தபின் ஒரு நாளைக்கு மேல் அது உயிரோடு இருப்பதில்லை. 100 நாளில் இப்படி மூன்று சுற்று வந்தால் அதிகம். அதிலும் மாப்பிள்ளை வந்த வீட்டில் விருந்து, கல்யாணம், ஊர் ஊராகச் சொந்தக்காரர்களைப் பார்ப்பது என்று எத்தனை நாள் போகும்! குழந்தைப்பேறில் குறை என்று சொல்ல, கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்து 12 மாதம் தரிக்காமல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மூன்று மாதம் சேர்ந்து இருந்த பெண்ணுக்குச் சொந்தக்காரர்கள் குறைப் பட்டம் சூட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். கேரளாவில் கடை வைத்துக்கொண்டு மாதம் இரண்டு நாள் வருகிறவர் இருக்கிறார். இங்கேயே மில்லில் அவருக்கு இரவு ஷிப்ட், வீட்டில் மனைவிக்குப் பகல் முழுக்கக் குழந்தை. ஒரே வீட்டில் இருந்தும் சந்திப்பதில்லை. வருடத்தை எண்ணாதீர்கள், சேர்ந்திருந்த மாதத்தை எண்ணுங்கள்.

அடுத்து, தாய்ப்பால். "பாலை மறக்கடித்தால்தான் அடுத்தது தங்கும்" என்று ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் வேப்பிலையை அரைத்துத் தடவி நிறுத்துகிறார்கள். பிள்ளை மூன்று இரவு அழுகிறது, தாய்க்குப் பால் கட்டிக் காய்ச்சல். இதில் பாதி உண்மை இருக்கிறது. முதல் ஆறு மாதம், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால், கரு தங்கும் வாய்ப்பு 100-க்கு 2-ஐ விடக் குறைவு. அதற்குப் பிறகு அந்தத் தடை தளர்ந்துவிடுகிறது. மாதவிலக்கு ஒழுங்காக வரும் தாய்மார்களில் பெரும்பாலோருக்குப் பால் கொடுத்துக்கொண்டே தரிக்கும். விலக்கு ஒழுங்கில்லை என்றால் மருத்துவரைக் கேட்டு, இரவுப் பாலை ஒவ்வொரு வேளையாகக் குறைத்துப் பார்க்கலாம்.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு ஆண்டு என்கிறது. முன்னதாக நிறுத்துவதானால் தாயும் தந்தையும் கலந்து பேசி, இருவரும் திருப்திப்பட்டுச் செய்யலாம் என்று அனுமதிக்கிறது. அந்த ஆலோசனையில் மாமியாருக்கு இடம் சொல்லப்படவில்லை என்பதையும் தாழ்மையோடு சொல்லி வைக்கிறேன். பாலூட்டும் மனைவியோடு சேர்வது குழந்தைக்குக் கெடுதல் என்ற பயம் அந்தக் காலத்திலும் இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்க நினைத்து, ரோமரும் பாரசீகரும் அப்படிச் செய்தும் அவர்கள் பிள்ளைகளுக்குத் தீங்கு வரவில்லை என்று கண்டு, தடுக்காமல் விட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கிறது.

தாயின் உடம்புக்கு வருகிறேன். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்கு முயற்சிக்கக் குறைந்தது 24 மாதம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். வயிற்றில் தையல் போட்ட இடம் உறுதிப்பட நாள் வேண்டும். சீக்கிரம் தரித்தால் பிரசவ வலியில் அது பிரியும் ஆபத்து கூடுகிறது. இடைவெளி விடுவது தவக்குலுக்கு எதிரானதா என்று கேட்கிறார்கள். குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே ஸஹாபாக்கள் அஸ்ல் செய்ததை ஜாபிர் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் மனைவியின் உடல்நலத்தை முன்னிட்டு அதை அனுமதித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் தாய்க்கு 36 வயது என்றால் கணக்கு வேறு. அவர் காத்திருக்கும் காலத்தை மருத்துவரோடு பேசி முடிவு செய்யட்டும். யாராக இருந்தாலும், எதிர்பார்க்கத் தொடங்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் சாப்பிடுங்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

ஆண்களே, இப்போது உங்கள் முறை. மனுவோடு மனைவியின் ஸ்கேன் எட்டு இணைத்திருக்கும், கணவரின் பரிசோதனை ஒன்றுகூட இருக்காது. "முதல் பிள்ளை பிறந்ததே, எனக்கென்ன குறை?" என்பார்கள். மூன்று வருடத்தில் சர்க்கரை வந்திருக்கலாம், சிகரெட் கூடியிருக்கலாம், விதைப்பையில் நரம்பு வீங்கியிருக்கலாம். குழந்தை தரிக்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. அந்தப் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் எளியது, செலவும் குறைவு. இன்னொன்று: விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். விமானத்தை விட்டு இறங்கிய அன்று சிகரெட்டை விட்டால் அந்த லீவுக்கு அது உதவாது. டிக்கெட் போடும்போதே விட வேண்டும்.

பெண் குழந்தை இருக்கிறது, பையனுக்காகத்தான் அவசரம் என்கிற வீடுகளும் உண்டு. ஆணா பெண்ணா என்பது தந்தையின் அணுவைப் பொறுத்தது. வயிற்றில் இருப்பதைக் கண்டறிந்து சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாயகம் (ஸல்) அவர்களின் ஆண் மக்கள் சிறு வயதிலேயே மறைந்தார்கள். வம்சம் ஃபாத்திமா (ரலி) வழியாகவே தொடர்ந்தது.

வீட்டில் ஓடித் திரியும் அந்தப் பிள்ளையை இந்தக் கவலையில் மறந்துவிடுகிறோம். வருகிறவர் போகிறவர் எல்லாம் "தம்பி எப்ப வருவான்?" என்று அதனிடம் கேட்கிறார்கள். மாதம் ஒருமுறை தாய் அழுவதைப் பார்க்கிறது, காரணம் புரியாமல் காலைக் கட்டிக்கொள்கிறது. தயவுசெய்து குழந்தையிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். லீவில் வரும் அத்தாவைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியாது, கிட்டே வராது. முதல் ஒரு வாரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். குளிப்பாட்டுங்கள், தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போங்கள்.

மாமியார்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒற்றை அறை வீட்டில், நடுவில் குழந்தை படுத்திருக்க, அவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? அந்நூர் அத்தியாயம் 58ஆம் வசனம் ஃபஜ்ருக்கு முன், நண்பகலில், இஷாவுக்குப் பின் என்று மூன்று நேரங்களைத் தனிமைக்குரியவை என்கிறது. இஷாவுக்குப் பின் பேரப்பிள்ளையை உங்கள் பாயில் கதை சொல்லித் தூங்க வையுங்கள். இரண்டு வயது முடிந்த பிள்ளையைப் பகலில் அங்கன்வாடிக்கு அனுப்பினால் தாய்க்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

நிர்வாகக் குழு எடுத்துள்ள முடிவையும் அறிவித்துவிடுகிறேன். இனி இவ்வகைச் சிகிச்சை மனுவில், முதல் பிரசவத்துக்குப் பின் தம்பதியர் சேர்ந்து வாழ்ந்த மாதங்களின் எண்ணிக்கை எழுதப்பட வேண்டும். கணவர், மனைவி இருவரின் அடிப்படைப் பரிசோதனையும் இணைக்கப்பட வேண்டும். அந்தப் பரிசோதனைச் செலவை அறக்கட்டளையே ஏற்கும். தனியார் கருத்தரிப்பு மையத்துக்குப் போவதானால் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று கேட்டு, பதிவு எண்ணை மனுவில் எழுதுங்கள். கரு தங்கிவிட்டால் தாமதிக்காமல் கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். தகுதியுள்ள குடும்பங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு.

படிவம் அலுவலகத்தில் கிடைக்கும். சகோதரிகள் தங்கள் விவரங்களை நம் பெண் உறுப்பினர்களிடமே கொடுக்கலாம். அவர்களைத் தவிர வேறு யாரும் அவற்றைப் பார்க்க மாட்டார்கள். வஸ்ஸலாம்.